மாம்புரியில் ஒரு குளிர்காலம்

மாம்புரியில் மரத்துக்கு ஐஸ் கட்டிய மனிதர் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பஸ்தியானின் வளவைக் கை காட்டும். மீனுக்குப் போட ஐஸ் காணாமல் ஆட்கள் அடிபட்டுக்கொண்டு திரிகிற கரையில், ஒருவர் அதைப் பை பையாக வாங்கி மரக்கொப்பில் தொங்கவிட்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? வயிறு நோகச் சிரித்தார்கள். சிரித்ததில் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த மரம் அவருக்கு எதற்காக வேண்டியிருந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம் என்பதுதான் மனத்தாங்கல்.

பஸ்தியான் கடல் தொழிலில் பிறந்து வளர்ந்தவர். 2003ஆம் ஆண்டு, மகள் மெரினாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஐம்பது பேரோடு ஒரு படகில் ஏறி இத்தாலிக்குப் போனார். கரை சேர்ந்த பிறகு கிடைத்த வேலைக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. வடக்குப் பக்கம் ஒரு கிழவரின் பழத்தோட்டத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். அடுத்த பதினேழு வருடமும் அந்தத் தோட்டத்தின் மண்ணில்தான் அவருடைய சப்பாத்து தேய்ந்தது. வதிவிடக் கடுதாசி சரிவந்த பிறகு இடையில் மூன்று முறை ஊருக்கு வந்தார். மூன்று முறையும் மெரினா தாயின் சட்டைக்குப் பின்னால் நின்றுதான் அவரைப் பார்த்தாள்.

அங்கே அவர் பார்த்த பயிர் நெக்டரின். இத்தாலிக்காரர் நெத்தரீனா என்பார்கள், பஸ்தியானும் அப்படித்தான் சொல்வார். பீச் பழத்தின் உறவுக்காரன், ஆனால் தோலில் மயிர் இருக்காது, மாம்பழம் மாதிரி வழுவழுப்பு. மஞ்சள் சதையுள்ளது எங்கேயும் கிடைக்கும். கிழவர் வைத்திருந்தது வெள்ளைச் சதையுள்ள சாதி. வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே இளநீர் வழுக்கையின் வெள்ளை, கொட்டையைச் சுற்றி மட்டும் இரத்தம் கசிந்தது போல ஒரு சிவப்பு. புளிப்பு என்பதே கிடையாது. பாதி காயாக இருக்கும்போதே இனிக்கும். மூடிய அறைக்குள் நான்கு பழம் வைத்தால் வாசம் வாசல் வரைக்கும் வந்து நிற்கும்.

இவ்வளவு நல்ல பழத்துக்கு ஒரு பொல்லாத குணமும் இருந்தது. அதைத் தொடக் கூடாது. பெருவிரலால் கொஞ்சம் அழுத்திப் பிடித்துப் பறித்தால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் விரல் பதிந்த இடம் மண்ணிறமாகக் கறுத்திருக்கும். உள்ளங்கையில் ஏந்தி, மெதுவாகத் திருப்பி எடுக்க வேண்டும். வலை இழுத்துக் காய்த்துப்போன கைக்கு அது லேசில் வருமா? முதல் வருடப் பறிப்பு முழுக்க பஸ்தியான் பறித்த பெட்டியைக் கிழவர் தனியாக எடுத்து வைத்து, மறுநாள் அவர் முன்னாலேயே திறந்து காட்டுவார். ஒரு வார்த்தை ஏசமாட்டார். கறுத்த பழங்களைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இதைவிட ஏசியிருந்தால் பரவாயில்லை என்று பஸ்தியான் பின்னாளில் சொல்வதுண்டு.

பழம் பறிப்பது மூன்று கிழமை வேலைதான். மிச்ச வருடமெல்லாம் அந்தப் பழத்துக்காகச் செய்கிற ஊழியம். மே மாதத்தில் பிஞ்சு கிள்ள வேண்டும். கொப்பு நிறையக் காய்த்திருக்கும், பத்தில் எட்டைக் கிள்ளி நிலத்தில் போட்டு, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று விட்டால்தான் அது பழமென்று சொல்லும்படி பருக்கும். மழை பெய்தால் தோல் வெடிக்கும், ஆலங்கட்டி விழுந்தால் எல்லாம் போச்சு. எல்லாவற்றையும்விட முக்கியமானது சனவரி, பெப்ரவரிக் கொப்பு வெட்டு. போன வருடம் விட்ட தளிரில்தான் இந்த வருடம் பூக்கும் என்பதால் எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரிந்த ஆள்தான் கத்தரி பிடிக்க வேண்டும். கடைசிப் பத்து வருடம் அந்தத் தோட்டத்தில் கத்தரி பிடித்தவர் பஸ்தியான். விரல் விறைத்து, மூக்கு நீர் வடிய, உறைந்த மரங்களுக்கிடையில் ஏணியோடு நடப்பார். மரம் அப்போது செத்த கட்டை போல நிற்கும். செத்ததல்ல, நித்திரை. அந்தக் குளிரில் ஆயிரம் மணித்தியாலமாவது தூங்காவிட்டால் மொட்டு கண் திறக்காது என்று கிழவர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

2020 தை மாதத்தில் மனைவி அல்பொன்சாவுக்கு வயிற்றில் கட்டி என்று தகவல் போனது. உடனே வரச் சொல்லி அவள் கேட்கவில்லை. வந்தால் நல்லது என்றுதான் கேட்டாள். பஸ்தியான் யோசித்தார். கொப்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது, கிழவருக்குக் கால் ஏலாது, தான் போனால் தோட்டம் அந்த வருடம் பாழ். ஆறு கிழமைதானே, முடித்துக் கொடுத்துவிட்டு உயிர்த்த ஞாயிறுக்கு வந்துவிடலாம் என்று முடிவெடுத்தார். பாவி மனிதனுக்கு அந்த ஆறு கிழமைக்குள் உலகத்தின் விமான நிலையங்களெல்லாம் பூட்டப்படும் என்று யார் சொல்வது? சித்திரையில் அல்பொன்சா போய்ச் சேர்ந்தாள். யாரோ பிடித்திருந்த ஃபோனில்தான் அவர் அடக்கத்தைப் பார்த்தார். பெட்டியை இறக்குகிற நேரம் லைன் அறுந்தது. மறுபடி வந்தபோது திரையில் வெறும் மணல்தான் இருந்தது.

அடுத்த வருடம் அவர் திரும்பி வந்தார். இனிப் போகிற எண்ணமும் இல்லை, போகிற உடம்பும் இல்லை. பாரிசவாதம் வந்து இடது கை பாதி விழுந்திருந்தது. மெரினாவுக்கு இருபது வயது, முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், மருந்து வாங்கிக் கொடுத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவரைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல் இருக்கவில்லை. சோறு போட்டிருக்கு என்பதைச் சுவரிடம் சொல்வாள். ஃபோன் அடிக்குது என்பதை அலுமாரியிடம் சொல்வாள். ஒரே ஒரு நாள், தாயின் ஆண்டுத் திருப்பலி முடிந்து வந்த மத்தியானம், நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அம்மாவ விடப் பெரிசா அந்தப் பழம்?”

இல்லை என்று சொன்னால் பொய்யாகத் தெரியும், நடந்ததைச் சொன்னால் சாட்டாகத் தெரியும். பஸ்தியான் எழும்பி வளவுக்குள் போய்விட்டார்.

அவரிடம் ஆறு நெக்டரின் கொட்டைகள் இருந்தன. கடைசியாகத் தோட்டத்தை விட்டு வரும்போது தின்ற பழங்களுடையவை. அவற்றை என்ன செய்வதென்று அந்த மத்தியானம்தான் அவருக்கு முடிவாயிற்று. அந்தப் பழம் ஒன்றை இந்த மண்ணில் காய்க்க வைத்து மகளின் கையில் கொடுக்க வேண்டும். அது நியாயம் ஆகாது, மன்னிப்பும் ஆகாது. ஆனாலும் தன் பதினேழு வருடம் எங்கே போனது என்று அவள் ஒருமுறை கையில் ஏந்திப் பார்ப்பாள். விசர் வேலைதான். வேறு எதைக் கொண்டு அவளுடன் கதைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கொட்டைகளை ஈர மணலில் புதைத்து, ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, குளிர் பட்டால்தான் முளைக்கும் என்று மூன்று மாதம் பிறிட்ஜின் அடித் தட்டில் வைத்தார். மெரினா மரக்கறி எடுக்கும்போது டப்பாவை நகர்த்தி வைப்பாள். இரண்டு முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது. மற்றது கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டெருவும் நிழலும் கிடைத்து நாலு வருடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. கொட்டையில் வந்த கன்று தாய் மரத்தின் பழத்தை அப்படியே கொடுக்கும் என்று உறுதியில்லை என்பது அவருக்குத் தெரியும். சதை வெள்ளையாக இருந்தால் போதும் என்றிருந்தார். நடுவில் வெயில் விழும்படி மூன்று பெருங்கொப்பு விட்டு, ஒற்றைக் கையால் கத்தரி பிடித்துக் கோப்பை மாதிரி வெட்டி வளர்த்தார். இலை தளதளவென்று வந்தது. பூ மட்டும் வரவில்லை. வராதுதானே, வருடம் முழுக்க வியர்த்து வழிகிற ஊரில் அந்த மரம் எங்கே தூங்குவது?

போன டிசம்பரில், நத்தார்ப் பெருநாளுக்கு முந்திய கிழமை, மெரினாவுக்கு விசா வந்தது. அவள் கலியாணம் முடித்திருந்த றொபி இத்தாலியில்தான் வேலை செய்தான். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் பயணம் என்று அவள் சுவரிடம் சொன்னாள். பஸ்தியான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பழத்துக்குக் காலம் காணாது. பூ ஒன்று, இளஞ்சிவப்பில் ஒரே ஒரு பூ, அவள் போகுமுன் காட்டிவிடலாம். அதற்கு மாம்புரியில் ஒரு குளிர்காலம் வேண்டும்.

நத்தார் முடிந்த கையோடு இலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். இனி ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது, ஊற்றினால் நித்திரை கலைந்துவிடும் என்று வீட்டில் கேட்கும்படி மூன்று தரம் சொன்னார். சனவரி தொடக்கத்தில் வரும் மூன்று இராசாக்கள் திருநாளிலிருந்து, கடற்கரையில், மெரினா அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுகிற மீன் வியாபாரி றவூபின் வாடிக் கொட்டிலுக்குச் சைக்கிளில் போய், ஐஸ் வாங்கி, உரப்பைகளில் போட்டு, மொட்டிருக்கிற கொப்புகளோடு சேர்த்துக் கட்டினார். இரண்டாம் நாள் ஐஸ் பையோடு மணலில் விழுந்தார். மூன்றாம் நாள் காலை அவர் சைக்கிளைத் தேடினால் அது உள்ளே பூட்டியிருந்தது. மெரினா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள், முன்னாலும் பின்னாலும் ஐஸ் பைகள். ஏணியை வைத்து ஏறிக் கட்டத் தொடங்கினாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். முன்பள்ளிக்குப் போகுமுன் வாடியிலேயே ஐஸை உடைத்து, பைகளில் நிரப்பிக் கட்டிக்கொண்டு வருவாள். அவர் கதிரையில் இருந்தபடி கொப்பைக் காட்டுவார், அவள் கட்டுவாள். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காக பஸ்தியான் விடிந்ததும் முகம் கழுவி, சேட் மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார்.

முதல் கிழமை முடிவில் அவர் ஒரு பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்வது போல, “குளிர் காணாது, இன்னும் வேணும்,” என்றார்.

மெரினா ஏணியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அடுத்த பையை எடுத்துக் கட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒன்றைக் கண்டார். பைகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டினார். உறைபனி. பதினேழு வருடம் காலையில் கண் விழித்ததும் கண்ட அதே பனி, மாம்புரி வெயிலில், கிணற்றடியில். அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெறும் ஐஸ் அப்படிப் பனி பூக்காது, அதற்குள் வேறொன்று சேர வேண்டும் என்பது கடற்கரையில் பிறந்தவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஆசை என்பது தெரிந்ததையும் மறைத்துவிடுகிறது. மகள் ஏணியிலிருந்து அவர் அழுவதைப் பார்த்தாள். அன்று இறங்கும்போது அவள் முகத்தில், கண்டும் காணாததுமாக, ஒரு சிரிப்பு இருந்தது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று ஐஸ் கட்டுவதை நிறுத்தினார்கள். அந்த முறை தையிலும் மாசியிலும் மழை எட்டியும் பார்க்கவில்லை. இனி மரம் தானாக விழிக்கும் என்று பஸ்தியான் காத்திருந்தார். ஒரு கிழமை போயிற்று, இரண்டு போயிற்று. மொட்டுகள் பருக்கவில்லை. மூன்றாம் கிழமை, மெரினா முன்பள்ளிக்குப் போன பிறகு, ஒரு சிறு கொப்பை நகத்தால் கீறினார். தோட்டத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். உள்ளே பச்சை என்றால் நித்திரை, மண்ணிறம் என்றால் சாவு. மண்ணிறமாக இருந்தது. அடுத்த கொப்பும் அப்படி. பெருங்கொப்பு மூன்றும் அப்படி. முழங்காலில் நின்று அடிமரத்தைக் கீறினார். நிலத்தோடு ஒட்டிய ஓர் இடத்தில் மட்டும் நூல் போல ஒரு பச்சை இருந்தது. குனிந்தபடியே மண்ணைப் பார்த்தார். மரத்தைச் சுற்றி மணலின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். உப்பு.

அவருக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. மீன்பெட்டியில் கிடந்த பழைய ஐஸைத் தலையில் கட்டியிருக்கிறான் என்று றவூபின் மேல் கொதித்துக்கொண்டு, ஏலாத கையோடு வாடி வரைக்கும் நடந்தார். றவூப் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், இவர் கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

“நல்ல தண்ணி ஐஸ்தான் அண்ண நான் தந்த. உங்கட மகள்தான் கருவாட்டு உப்பில ரெண்டு சுண்டு ஒவ்வொரு பைக்குள்ளயும் அள்ளிப் போட்ட. ‘எங்கட அப்பாட மரத்துக்குக் குளிர் காணாதாம், உப்புப் போட்டா நல்லாக் குளிரும் தானே நானா’ எண்டு கேட்டிச்சு. மீனுக்கு நாங்க அப்பிடித்தானே போடுற. நானும் ஓமெண்டு செல்லிட்டேன்.”

றவூப் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பஸ்தியானின் காதில் ஏறவில்லை. அப்பாட மரம் என்று சொல்லியிருக்கிறாள். இருபத்து நாலு வயதில், அவர் இல்லாத இடத்தில், மீன்காரரிடம், அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அவருக்கு வந்த சந்தோசமும் மரம் செத்த துக்கமும் ஒரே நேரத்தில் நெஞ்சில் ஏறி, எது எதுவென்று பிரிக்க முடியாமல் கிடந்தது. சற்றுப் பொறுத்து அவர் றவூபிடம் ஒரு உதவி கேட்டார். இது இரண்டு பேருக்குள்ளேயே இருக்க வேண்டும், மகள் கேட்டால் மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். றவூப் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்றார். வழி இருந்தது. அடியில் பச்சை இருக்கிறது. இன்றிலிருந்து இரண்டு கிழமை, ஒரு நாளைக்கு முப்பது வாளி ஊற்றினால் மணலில் உப்புக் கழுவிப் போய்விடும், அடியிலிருந்து தளிர் வெடிக்கவும் கூடும். ஆனால் மத்தியானம் மெரினா வந்ததும் முதலில் பார்ப்பது மரத்தைத்தான். ஈர மணலைக் கண்டால் ஏன் ஊற்றினீர்கள் என்பாள். ஒரு சொட்டும் கூடாது என்று மூன்று தரம் சொன்னவர் என்ன பதில் சொல்வது? குனிந்து வெள்ளையைப் பார்ப்பாள். அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் போதும். தாயை விட்டுவிட்டுத் தகப்பன் காத்த பழத்தின் ஒரே மரத்தை நான் கொன்றுவிட்டேன் என்ற எண்ணத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டா அவள் விமானம் ஏறுவது?

பஸ்தியான் வாளியைக் கவிழ்த்து வைத்தார். மேலே படிந்திருந்த வெள்ளையை விளக்குமாற்றால் கூட்டி அள்ளி, சுத்தமான மணலைப் பரப்பிவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. நூல் போல இருந்த பச்சை வெயிலில் காய்ந்து போவதைத் தினமும் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை அவர் மரத்துக்காக நின்றார், வீட்டுக்காரி போனாள். இந்த முறை மரம் போகட்டும் என்று விட்டார். அது அவருக்கு லேசாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உயிர்த்த ஞாயிறு வந்து போனது. பயண நாளன்று விமான நிலையம் போகிற வான் வண்டி வாசலில் வந்து நின்றபோது மெரினா கிணற்றடிக்குப் போனாள். ஒரு கொப்பைப் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தாள். காய்ந்த கொப்பு முறிந்துவிடும். நல்ல வேளை, அவள் விட்டுவிட்டாள்.

“இன்னும் நித்திரையா?” என்று கேட்டாள்.

“ஓம் மகள். அசந்த நித்திரை.”

“தண்ணி கிண்ணி ஊத்திப் போடாதீங்க,” என்றாள். வண்டியில் ஏறினாள். அவர் தோளை ஒரு கணம் தொட்டுவிட்டுத்தான் ஏறினாள்.

அவள் விமானம் ஏறிவிட்டாள் என்று செய்தி வந்ததும் பஸ்தியான் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். அரை வாளி அரை வாளியாக, ஒற்றைக் கையால், ஒரு மாதம் ஊற்றினார். அடிமரத்தைக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார், பச்சை எங்கேயும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் ஊற்றினார். ஊர் அதற்கும் சிரித்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் வீடியோவில் வந்தாள். கையில் ஒரு பழம். கடித்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“அப்பா, இதுதானே?”

பஸ்தியான் ஃபோனை மடியில் கவிழ்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தார். அதுதான் என்றார். நேற்று வாங்கி வந்ததாகவும், தான் பிடித்த இடமெல்லாம் இன்றைக்குக் கறுத்துப்போய்விட்டதாகவும் அவள் சொன்னாள். விரலால் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்தச் சொன்னார் அவர். அவள் ஏந்திக் காட்டினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மரத்தைக் காட்டச் சொன்னாள். அவர் ஃபோனைத் திருப்பி, கிட்டப் போகாமல், தூரத்திலிருந்து காட்டினார்.

“எழும்பேல்லையா இன்னும்?”

“இல்ல மகள்.”

“வாற தைக்கும் ஐஸ் கட்டுங்க அப்பா. நான் றவூப் நானாட்டச் சொல்றேன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்ல. நான் அதுக்குள்ள உப்புப் போட்டனான். அதாலதான் பனி வந்தது. நீங்க அழுதீங்க, பார்த்துக்கொண்டு நிண்டனான். வாற முறையும் மறக்காமப் போடுங்க.”

பஸ்தியான் மரத்தைப் பார்த்தார். அது நின்றபடியே நின்றது.

“ஓம் மகள்,” என்றார். “போடுறேன்.”